இருபத்து நான்காவது தாள்

முதல் தாளைத் திருப்பியதும் சுக்கானி, "நாப்பத்தொண்ணு" என்றார். சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார். அவள் சிரிக்கவில்லை. தாளில் இருந்தது ஆறு. பழுப்பும் ஆரஞ்சுமாகச் சிதறிக் கிடந்த புள்ளிகளுக்கு நடுவே பச்சைப் புள்ளிகளால் ஆன, வயிறு பருத்த ஆறு. கிண்டல் செய்கிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். பதினான்கு வருடம் ஒன்றாகக் குப்பை கொட்டியவளுக்குப் புருஷனின் கிண்டல் தெரியாதா? அது ஒன்றும் புதிதில்லை. சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொண்டு, மனத்துக்குள் ஐந்து எண்ணி, அடுத்த தாளைத் திருப்பினாள்.

"ஆறு" என்றார். அதில் இருந்தது எழுபத்தைந்து.

படகுத்துறை அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், ஆற்றைப் பார்த்த ஜன்னலுக்குத் திரை போட்டு, இரண்டு நாற்காலியும் ஒரு விளக்குப் பெட்டியும் வைத்த அறை அது. படகில் சுக்கான் பிடிக்கிறவர்களும், பாரந்தூக்கி ஓட்டுகிறவர்களும், கரையில் விளக்குக் காட்டுகிறவர்களும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை அங்கே வந்து உட்கார்ந்து எழுந்தால்தான் வேலை நிலைக்கும். விளக்கு எரிந்ததும் பொத்தானை அமுக்க வேண்டும். நூறு கேள்விக்கு ஆமாம், இல்லை என்று குறிக்க வேண்டும். 'காரணமே இல்லாமல் எனக்குக் கோபம் வருவதுண்டு' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று தாள் கிழிகிற மாதிரிக் குறித்துவிட்டுப் போன பாரந்தூக்கிக்காரர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். எல்லாவற்றுக்கும் கடைசியில் புள்ளிப் புத்தகம். இருபத்து நான்கு தாள், தாளுக்கு ஐந்து விநாடி. சிவப்பும் பச்சையும் பிரியாத கண்ணுக்குப் பாதித் தாள்களில் வெறும் புள்ளிக் குப்பைதான் தெரியும். அந்தப் புத்தகத்தைக் காட்டிக் காட்டி அவளுக்கே 'புள்ளியம்மா' என்று பெயர் விழுந்துவிட்டது. புள்ளியம்மாவுக்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. எதிரில் இருப்பவர் சரியாகச் சொன்னாலும் தப்பாகச் சொன்னாலும் முகம் சுவர் மாதிரி இருக்க வேண்டும். உதடு அசையக் கூடாது, புருவம் ஏறக் கூடாது.

"இருபத்தெட்டு" என்றார் சுக்கானி, மூன்றாவது தாளுக்கு. அதில் ஒன்றுமே இல்லை. நல்ல கண்ணுக்கும் ஒன்றும் தெரியாத வெற்றுத் தாள் அது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நாற்பத்தொன்று, ஆறு, இருபத்தெட்டு. அடுத்து என்ன சொல்வார் என்று அவள் உதட்டுக்கே தெரிந்துவிட்டது. மூன்று. "மூணு" என்றார். பிறகு எழுபத்தைந்து. "எழுபத்தஞ்சு" என்றார். தாளைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, கிளிப்பிள்ளை மாதிரி, பழைய புத்தகத்தின் வரிசையை ஒப்பித்துக்கொண்டு போனார். பழைய புத்தகம்தான் இப்போது இல்லையே. தையலைப் பிளேடால் அறுத்து, தாள்களைச் சீட்டுக் கட்டு மாதிரிக் கலைத்து, வளையத்தில் கோத்தவளே அவள்தான்.

அறுக்கச் சொன்னது புது டாக்டர். வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. வயதில் சின்னவள், கேள்வியில் பெரியவள். வந்த முதல் வாரமே, "இந்தச் சோதனை எல்லாம் நம்பலாமா அக்கா?" என்று கேட்டு அவளைத் திகைக்க வைத்தாள். பதினான்கு வருடமாகத் தினம் சோறு போடுகிற பானையைத் தட்டிப் பார்த்து ஓட்டையா என்று கேட்பது போல இருந்தது. டாக்டர் பொறுமையாக விளக்கினாள். ஒரே ஆளை ஒரே சோதனையில் இரண்டு தடவை, இரண்டு வாரம் விட்டு உட்கார வைக்க வேண்டும். இரண்டு தடவையும் ஒரே மதிப்பெண் வந்தால் சோதனை உருப்படி. வராவிட்டால் ஒன்று ஆள் மாறியிருக்க வேண்டும், இல்லையென்றால் சோதனையில் கோளாறு. அதற்கு அறுபது பேர் வேண்டும். முதல் சுற்றுக்குப் பழைய புத்தகம், இரண்டாம் சுற்றுக்குக் கலைத்த தாள். கலைக்கிற விஷயம் மட்டும் யாருக்கும் தெரியக் கூடாது, வீட்டில்கூட வாயைத் திறக்காதீர்கள் என்று டாக்டர் சொன்னபோது இவளுக்குச் சிரிப்பு வந்தது. வீட்டில் இவள் சொல்லாமல் வைத்த விஷயம் என்று அதுவரை எதுவும் இருந்ததில்லை.

அறுபது பேரைச் சேர்ப்பதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. வேலைக்கு வேட்டு வைக்கிற சூழ்ச்சி என்று ஆளாளுக்கு ஒதுங்கினார்கள். தாளில் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும், இதில் வருகிற முடிவால் யார் வேலைக்கும் ஆபத்தில்லை என்று டாக்டர் கையெழுத்துப் போட்டுச் சுவரில் ஒட்டிய பிறகுதான் ஒவ்வொருவராக வந்தார்கள். எந்த எண் யார் என்ற பட்டியல் ஒன்றே ஒன்று, அது புள்ளியம்மாவின் இழுப்பறையில், சாவி அவள் கைப்பையில். ஐம்பத்தொன்பது சேர்ந்து ஒன்று குறைந்தது. இவள் வீட்டில் சுக்கானியை நச்சரித்தாள். அவருக்கு அன்றைக்குக் கால் வலித்தது, மறுநாள் முறை வேலை இருந்தது, அதற்கு மறுநாள் வேறு ஏதோ. கடைசியில், "அதே புத்தகந்தானே?" என்று கேட்டார். "அதேதாங்க, பத்து நிமிஷம்" என்றாள் இவள். முதல் சுற்றுக்கு அது பொய்யில்லை. "சரி, உனக்காக" என்று வந்தார்.

முதல் சுற்றில் அவரைப் பார்த்தது அலுவலகத்தில் காதுச் சோதனை செய்கிற அண்ணன். சொந்த வீட்டு ஆட்களைத் தாங்களே சோதிக்கக் கூடாது என்பது விதி, அதனால் வருடக்கணக்காக அவரேதான் பார்த்து வந்தார். இருபத்து நான்குக்கு இருபத்து நான்கு. இன்றைக்கு அண்ணன் விடுப்பு. இது வேலைக்கான சோதனை இல்லையே, யார் வந்தாலும் நீங்களே பாருங்கள் அக்கா என்று டாக்டர் சொல்லிவிட்டாள்.

ஆக, இருபத்து மூன்று தாளையும் அவள் திருப்பினாள், சுவர் மாதிரி முகத்தோடு. எழுந்து ஓடிவிடலாம் என்று பன்னிரண்டாவது தாளில் தோன்றியது. போதும் நிறுத்துங்க என்று கத்தலாம் என்று பதினேழாவதில் தோன்றியது. ஒன்றும் செய்யவில்லை. பதினான்கு வருடப் பழக்கம் கையைத் திருப்ப வைத்தது, எழுத வைத்தது. இருபத்து நான்காவது தாளில் நாற்பத்தொன்று வந்து நின்றது. அது எந்தக் கண்ணுக்கும் தெரிகிற எண். சோதனை என்னவென்று புரிவதற்காகப் பழைய புத்தகத்தில் முதலில் வைத்திருந்த தாள். சுக்கானி வாயைத் திறந்தார். மூடினார். முதல்முறையாகத் தாளை உண்மையாகவே பார்த்தார். அவள் மனத்துக்குள் எண்ணினாள். ஐந்து முடிந்ததும் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டாள்.

அவர் எழுந்து, நாற்காலியை ஒழுங்காக உள்ளே தள்ளி வைத்தார். கதவு வரைக்கும் போய்த் திரும்பினார்.

"மாத்தி அடுக்குனத நீ சொல்லவே இல்லையே" என்றார்.

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அடிபட்டவர் மாதிரிச் சொன்னார். துரோகம் செய்தது இவள்தான் என்பது போல.

அவர் போன பிறகு அவளுக்கு அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதையாக, ஊர்க் கண்ணையெல்லாம் சோதித்தவள் சொந்த வீட்டுக் கண்ணை விட்டிருக்கிறாள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வரிசை அவருக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதுதான் நெஞ்சைப் பிடித்தது, ஏனென்றால் அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

கல்யாணமாகி மூன்றாவது மாதம். அவளுக்கு இந்த வேலை கிடைத்த புதிது. புத்தகத்தில் எந்தத் தாளில் எந்த எண், நல்ல கண்ணுக்கு என்ன தெரியும், பிரியாத கண்ணுக்கு என்ன தெரியும் என்று மொத்தமும் மனப்பாடமாகச் சொன்னால்தான் வேலையை உறுதி செய்வார்கள். பன்னிரண்டு நாளைக்குப் புத்தகத்தை வீட்டுக்குக் கொடுத்தார்கள். அவர் அப்போது படகில் கயிறு போடுகிறவர். களைத்துப்போய் வருவார். வந்து முகம் கழுவிவிட்டு நேரே கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து விடைத்தாளைக் கையில் வாங்கிக்கொள்வார். நீ சொல்லு, நான் பாக்குறேன் என்பார். அவள் தடுமாறினால் எடுத்துக் கொடுப்பார். நாலைந்து நாளில் அவளுக்கு முன்னால் அவரே கடகடவென்று ஒப்பிக்கத் தொடங்கிவிட்டார். இவள் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து அவர் தோளில் சாய்ந்தாள். அவளுடைய பரீட்சை முடிந்த அதே வாரம் அவரும் சுக்கானி வேலைக்கான சோதனையில் தேறினார். அக்கா தங்கைகளிடம், அலுவலகத்தில், மகளிடம், எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாள் அந்தக் கதையை. என் பரீட்சைக்கு அவர்தான் படித்தார் என்று. தலையில் தூக்கி வைத்து ஆடிய கதை அது.

ஒன்றை இழுத்தால் ஒன்பது வந்தது. மகள் வண்ணப் பென்சிலை எடுத்துக்கொண்டு போனால், அம்மாகிட்ட கேளு என்பார். பழம் வாங்கப் போனால் பையைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பார், பழுத்தது பழுக்காதது பார்ப்பதெல்லாம் அவள் வேலை. பதினான்கு வருடத்தில் அவர் அவளுக்கு வாங்கித் தந்த எல்லாமே நீலம். நீலக் குடை, நீலக் கைப்பை, நீலப் போர்வை, கைப்பிடி உடைந்தும் அவள் தூக்கிப் போடாத நீலக் கோப்பை. உன் வீட்டுக்காரருக்கு வேறு நிறமே கண்ணில் படாதா என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள். அவளுக்கு நீலம் முதலில் அவ்வளவு பிடிக்காது. அவருக்காகப் பிடிக்க வைத்துக்கொண்டாள். அவருக்கு நிச்சயமாகத் தெரிந்த நிறம் அது ஒன்றுதான் என்று இப்போது புரிகிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார், பரிமாறியது இவள்.

போன வருடம் ஒரு சாயங்காலம் அவர் படகு மணல்திட்டில் ஏறி நின்றது. எண்பது பேர் இரண்டு மணிநேரம் நடு ஆற்றில் காத்திருந்தார்கள். நீரோட்டம் இழுத்துவிட்டது என்றார். எல்லோரும் நம்பினார்கள். ஆற்றில் மிதவை விளக்குகள் உண்டு. சிவப்பை ஒரு பக்கமும் பச்சையை மறுபக்கமும் விட்டு நடுவில் போக வேண்டும், மாற்றி எடுத்தால் திட்டு. அது படகுத்துறையில் கடலை விற்கிறவருக்கும் தெரியும். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவரின் காலைப் பிடித்துவிட்டு, ஆற்றைத் திட்டித் தீர்த்தவள் இவள்.

நான்கு மணிக்கு டாக்டர் தானே வந்து தாள்களை வாங்கிக்கொண்டாள். கிழித்துப் போட இவளுக்கு முழுசாக ஒரு மணிநேரம் இருந்தது. கிழிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. டாக்டர் நின்றபடியே புரட்டி, அறுபதாம் எண்ணில் நின்று, முதல் சுற்றுத் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். இரண்டிலும் மேலிருந்து கீழாக ஒரே எண்கள். கடைசிக் கட்டம் மட்டும் கோடு.

"வரிசையை வெச்சுப் பாத்தா இருபத்து மூணும் அப்படியே ஒத்துப்போகுது" என்றாள் டாக்டர். "தாளை வெச்சுப் பாத்தா ஒண்ணுகூட ஒத்துப்போகல."

 பிறகு டாக்டர், பேர் தெரிய வேண்டாம் என்று சொன்னது தானேதான் என்றாள். சுவரில் கையெழுத்தும் போட்டாயிற்று என்றாள். வார்த்தை தவறுவது தனக்கும் பிடிக்கவில்லை என்றாள்.

"ஆனா இந்த ஆள் கையில எத்தனை உசுரு இருக்குன்னு தெரியல. நாளைக்குக் காலைல அந்தப் பட்டியலைக் கொண்டு வாங்க அக்கா."

"சரி டாக்டர்" என்றாள். முகம் அப்போதும் சுவர் மாதிரிதான் இருந்தது. வீட்டுக்குக் கிளம்பும்போது இழுப்பறையைத் திறந்து பட்டியலை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

வீடு ஆற்றுக்கு அக்கரையில். ஆறு மணிப் படகில் மகளும் அவளும் ஒன்றாகப் போவார்கள். படகு அப்பா ஓட்டுவது என்பதால் மகளுக்கு முன்வரிசைப் பலகை எழுதாத உரிமை. பதினொரு வயதுக்காரி, பள்ளிக்கூடப் பையையும் நீலக் குடையையும் மடியில் வைத்துக்கொண்டு மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். துறையின் வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் புள்ளியம்மா நின்று படித்தாள். மணல் வாருவதால் மிதவைகள் இடம் மாறுகின்றன, ஒன்றாம் தேதி முதல் புதிய வழி. நான்கு நாளாக ஒட்டியிருக்கிறது. இன்றைக்குத்தான் படித்தாள். பிறகு, பதினான்கு வருடத்தில் ஒருமுறையும் செய்யாத காரியமாக, இரும்புப் படியேறிச் சுக்கான் அறைக்குப் போனாள்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கிளம்ப இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

"எப்பலேருந்து?" என்றாள்.

பிறந்ததிலிருந்தே என்றார். பன்னிரண்டு வயதில்தான் தனக்கே தெரிந்தது என்றார். படகைத் தவிர வேறு தொழில் தனக்குத் தெரியாது, ஆசைப்பட்டதும் வேறொன்றுக்கு இல்லை என்றார். ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்டதற்கு, "சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப? ஆபீஸ்ல எழுதித்தான் குடுத்திருப்ப" என்றார். அது உண்மைதான், அதனால் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

"அந்தப் பன்னெண்டு நாளும் நீங்க எனக்காக உக்காரல" என்றாள்.

அவர் சுக்கானை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"மொத நாள் உனக்காகத்தான் உக்காந்தேன். சத்தியமா. ரெண்டாம் நாள்தான் அப்படித் தோணுச்சு."

அப்படியென்றால் ஒரு நாள் அவளுக்கு, பதினொரு நாள் அவருக்கு. இந்தப் பெண் படகுத்துறை மருத்துவ அறையில் வேலைக்குச் சேரப் போகிறாள் என்று தெரிந்த பிறகுதான் என்னைக் கட்டிக்கச் சம்மதித்தீர்களா என்று கேட்க நாக்கு வரைக்கும் வந்தது. இல்லை என்றுதான் சொல்வார். அவர் சொல்கிற விடை இனி எதற்கு ஆகும் என்று கேட்காமல் விட்டாள். டாக்டர் நாளைக் காலையில் பட்டியலைக் கேட்டிருப்பதை மட்டும் சொன்னாள். அவர் முகம் வெளுத்தது. ஆற்றில் இத்தனை வருடம் ஓட்டவில்லையா என்றார். எந்த மிதவை எங்கே என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன் என்றார்.

"ஆத்துல எவன் மாத்தி அடுக்கப் போறான்?"

"அடுக்குறாங்க. வாசல்ல ஒட்டியிருக்கு, நீங்க பாக்கலையா?"

பார்த்திருக்கிறார். அதை யோசித்தும் வைத்திருக்கிறார். ஏனென்றால் உடனே, ரொம்ப இயல்பாக, கடைக்குப் போகும்போது இதையும் வாங்கி வா என்பது போலச் சொன்னார்.

"நீ ஒரு நடை மேல வந்து நின்னு எது எதுன்னு சொல்லிட்டாப் போதும். மனசுல ஏத்திக்குவேன்."

அவளுக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நீ சொல்லு, நான் பாக்குறேன். அதே குரல். பதினான்கு வருடத்துக்கு முன்னால் கட்டிலில் கேட்ட அதே இழைகிற, கெஞ்சுகிற குரல். அந்தக் குரலுக்குத்தான் அவள் தோளில் சாய்ந்தாள்.

ஊதல் ஊதியது. கீழே கயிற்றை அவிழ்த்தார்கள். இறங்கிப் போக நேரமில்லை, அவளும் போகவில்லை. படகு துறையை விட்டு விலகியது. வெளிச்சம் மங்கி, தண்ணீரும் கரையும் ஒரே சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தன. மிதவை விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. முதலாவதை அவர் தாண்டினார். இரண்டாவது, மூன்றாவது. கை தானாகத் திரும்பியது. உண்மையிலேயே தூக்கத்திலும் ஓட்டுவார் போலிருந்தது. அவள் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, அதற்குள் மடித்து வைத்த தாள் நெருடுவதை உணர்ந்தபடி நின்றாள்.

வளைவு தாண்டியதும் எதிரே ஒரு விளக்கு தெரிந்தது. அந்த இடத்தில் எப்போதும் இருந்ததில்லை. ஒன்றாம் தேதி என்று ஒட்டிவிட்டு முன்கூட்டியே ஒரு மிதவையைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். தூரம்தான், இன்னும் நேரம் இருந்தது. என்ன நிறம் என்று அவளுக்குப் பளிச்சென்று தெரிந்தது.

சுக்கானி கண்ணைச் சுருக்கினார். கழுத்தை நீட்டினார். கை இந்தப் பக்கம் கொஞ்சம் போய், அந்தப் பக்கம் கொஞ்சம் வந்தது.

"அது என்னம்மா?" என்றார் மெதுவாக, அவள் பக்கம் திரும்பாமல்.

அவள் முகம் அசையவில்லை. ஒன்று, இரண்டு என்று மனத்துக்குள் எண்ணத் தொடங்கினாள். மூன்று. விளக்கு கொஞ்சம் பெரிதானது. நான்கு. சுக்கானியின் கை சக்கரத்தை விட்டு இறங்கி, விசைப்பிடியைத் தேடிப் பிடித்துக் கீழே இழுத்தது. இயந்திரச் சத்தம் அடங்கிக்கொண்டே வந்து, படகு நடு ஆற்றில் தயங்கியது. கீழே பேச்சு நின்றது. பலகைகளில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தலையை நிமிர்த்தினார்கள். முன்வரிசையில் மகள் எழுந்து நின்று, நீலக் குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, திரும்பி மேலே கண்ணாடிக்குப் பின்னால் நின்ற இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.